நிரம்பாத குழி

இம்மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய யாம் சங்கநூல் ஒன்றன் நயத்தையோ ஈழத்துப் புலவர் ஒருவரது வரலாற்றையோ எழுதித் தருவோம் என்றே எண்ணியிருப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ மலக்குழி. விழா மலரொன்றில் இச்சொல் இடம்பெறுதல் தகுமோ எனச் சிலர் முகஞ்சுளித்தலுங் கூடும். அன்னார்க்கு விடையிறுக்கத் தமிழிலக்கணமே எமக்குத் துணையாகின்றது.

நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்து, அவற்றுள் முதலாவதை இடக்கரடக்கல் என்றார். அவையிற் கூறத்தகாத சொல்லை மறைத்துப் பிறிதொரு வாய்பாட்டாற் கூறுதல் அது. தொல்காப்பியர் அத்தகு சொல்லை அவையல் கிளவி என்பர். 'கால் கழுவி வந்தான்' என்னும் எடுத்துக்காட்டை வகுப்பிற் சொல்லும்போதெல்லாம் பின்வாங்கு மாணாக்கர் நகைப்பதை இருபது ஆண்டுகளாகக் கண்டுவருகின்றோம். ஆயின், சொல்லை மறைக்குமாறு பணித்த இலக்கணம் பொருளை மறக்குமாறு பணிக்கவில்லை. நாமோ சொல்லை மறைத்ததோடமையாது, குழியைத் தோண்டிச் சீமெந்துப் பலகையால் மூடி, அதன்மேற் பூச்சாடியும் வைத்து, அப்படியொன்று உண்டென்பதையே மறந்துவிட்டோம். யாமும் அவ்வாறு மறந்திருந்தவரே. எமக்கு அதனை நினைப்பித்தவர் பக்கத்து வளவு ஆச்சி.

எமது வீடு இரண்டு பரப்புக் காணியில் 1984 ஆம் ஆண்டு எந்தையாராற் கட்டப்பட்டது. கிணறு முன்மூலையிலும் மலக்குழி பின்மூலையிலும் அமைந்தன. குழி தோண்டிய மேசன் பத்தடி ஆழத்திற் சுண்ணாம்புக்கல்லில் அலவாங்கு போட்டபோது ஒரு பிளவு திறந்துகொண்டதாம். அதனுள் நாலு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் நின்ற சுவடே இல்லை. "ஐயா, உங்கடை பிள்ளையளின்ரை காலத்திலையும் இது நிரம்பாது" என்று அவர் சொல்ல, எந்தையார் மகிழ்ந்து கூலிக்கு மேலாகவும் சிறிது கொடுத்தனுப்பினாராம். அவர் வாக்குப் பொய்க்கவில்லை. 1995 இடப்பெயர்வில் ஊரைவிட்டு நீங்கி மறு ஆண்டு மீண்டபோது கூரையும் கதவு நிலைகளும் போயிருந்தன; குழி மட்டும் இருந்தபடியே இருந்தது. ஒருமுறையேனும் அள்ளப்படாத குழி எமது என்று விருந்தினரிடம் யாம் பெருமை பேசியதும் உண்டு.

சில ஆண்டுகளின் முன் ஒரு மாரிகாலத்தில் ஆச்சியின் பேரக்குழந்தை வயிற்றோட்டத்தால் வாடியது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்று நீரைச் சோதனைக்கு எடுத்துச் சென்றார். மலத்தில் வாழும் பற்றீரியங்கள் நீரில் உள என்று முடிவு வந்தது. அவர் மீண்டும் வந்து நாடாவைப் பிடித்து அளந்தார். எமது குழிக்கும் எமது கிணற்றுக்கும் இடையே 90 அடி. எமது குழிக்கும் ஆச்சியின் கிணற்றுக்கும் இடையே, மதிலையும் உட்படுத்தி, 13 அடி. ஆச்சி எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, மதில் மேலைதானே நிக்குது, கீழை கல்லு ஒண்டுதானே" என்றார். அந்நாள்வரை எமக்குத் தோன்றாத புவியியல் அது.

பின்னர் எமது கிணற்று நீரையும் சோதிப்பித்தோம். அதுவும் தூயதன்று, வடக்கு வளவுக்காரரின் குழி எமது கிணற்றுக்கு அணித்தாய் மதிலுக்கு அப்பால் இருந்தது. கிணற்றுக்கும் குழிக்கும் ஐம்பது அடியேனும் இடைவெளி வேண்டும் எனப் பொதுவாகச் சொல்லப்படும் விதியை எமது ஒழுங்கையில் யாவரும் வழுவாது காத்திருந்தனர். ஒவ்வொருவரும் தத்தம் கிணற்றுக்கு மட்டும். இரண்டு பரப்புக் காணி சதுரமாயின் அதன் பக்கம் ஏறத்தாழ 74 அடி. அத்துணைச் சிறிய நிலத்திற் குழியைத் தன் கிணற்றினின்றும் விலக்குதல் என்பது பிறன் கிணற்றை நோக்கி நகர்த்துதலேயாம்.

இனி, ஆச்சி சொன்ன கல்லைப் பற்றிச் சிறிது கூறுவாம். யாழ்ப்பாணக் குடாநாடு மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கற் பாறையின்மேல் அமைந்தது. வலிகாமத்தின் பல பகுதிகளில் அப்பாறைக்கு மேலுள்ள மண் மிக மெல்லியது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லைக் காலந்தோறும் கரைத்து, அதனுள்ளே பிளவுகளையும் பொந்துகளையும் குகைகளையும் ஆக்கியுள்ளது. நிலாவரைக் கிணறும் கீரிமலைக் கேணியும் அக்கரைவின் வெளித்தோற்றங்களே. நமக்கு வற்றா ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றே உண்டு. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர் மழை, பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்து, நிலத்துட் புகுந்து, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் அதன்கீழ் ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கும் என்பது நீரியலார் கணிப்பு. நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் யாவரும் அறிந்ததே. இவ்வொரு வில்லையையே குடாநாட்டார் எல்லாரும் தத்தம் கிணறு என்று பெயரிட்டு அள்ளிக் குடிக்கின்றோம்.

மணல் நிலத்திலோ களி நிலத்திலோ அழுக்குநீர் மெல்ல ஊர்ந்து செல்லும். செல்லும் வழியிற் கிருமிகள் மண்ணில் தங்கி மடியும். சுண்ணாம்புக்கற் பிளவிலோ அது குழாயில் ஓடுவதுபோல ஓடும். வடிகட்டுவதற்கு அங்கு மண் இல்லை. ஆதலின் ஐம்பது அடி என்னும் விதி பிற மண்ணில் தரும் காவலை நமது கல்லில் தருவதில்லை. அன்றியும், மாரியில் நிலத்தடி நீர் மேலெழுந்து பல ஊர்களில் நிலத்துக்குச் சில அடி ஆழத்தில் வந்து நிற்கும். அப்போது பத்தடிக் குழி நீருக்கு மேல் இல்லை, நீரினுள்ளேயே நிற்கின்றது. மேசன் மகிழ்ந்து காட்டிய பிளவின் பொருள் இதுவே. குழி நிரம்பவில்லையாயின் அதனுள் இட்டது எங்கோ போய்க்கொண்டிருக்கின்றது.

நம் வீடுகளில் 'செப்டிக் டாங்' என்று வழங்குவன பெரும்பாலும் அப்பெயருக்கு உரியன அல்ல. மெய்யான மலத்தொட்டி என்பது அடியும் பக்கமும் நீர் கசியாவாறு சீமெந்தாற் பூசப்பட்ட தொட்டி. பிரான்சு நாட்டு வெசூல் நகரத்தவராகிய மூறா என்பார் 1860 அளவில் இத்தகைய மூடிய தொட்டியொன்றைக் கட்டினார். சில ஆண்டு கழித்துத் திறந்தபோது திண்மக் கழிவு எதிர்பார்த்த அளவிற்கு இல்லாமை கண்டு வியந்து, 1881 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் 1890களில் இங்கிலாந்தின் எக்செற்றர் நகரத்துக் கமரோன் என்பார் அதனைத் திருத்தி, 'செப்டிக்' என்னும் பெயரை இட்டார். அழுகச் செய்வது என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள்.

தொட்டியுள் நிகழ்வது எளிது. வந்த கழிவு ஒரு நாளுக்குக் குறையாது அசைவின்றித் தங்கும். கனத்தது அடியிற் சேறாய்ப் படியும். எண்ணெயும் நுரையும் மேலே ஆடையாய் மிதக்கும். இடையே ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். ஒட்சிசன் வேண்டாத பற்றீரியங்கள் சேற்றைச் சிறிது சிறிதாய்ச் சிதைக்கும். தொட்டியை இரண்டறையாகப் பிரித்து, முதலறையை மற்றையதின் இருமடங்காக அமைப்பர். நீர் புகுமிடத்தும் வெளியேறுமிடத்தும் கீழ்நோக்கிய வளைகுழாய் வைத்தால் மேலாடையும் அடிச்சேறும் வெளியே போகா. இடைநீர் மட்டுமே உறிஞ்சு குழிக்குச் செல்லும். அந்நீர் கண்ணுக்குத் தெளிவாயினும் கிருமி நிறைந்தது. அதனைத் தூய்மை செய்யும் எஞ்சிய பாதி வேலை மண்ணுடையது. ஆகவே, தொட்டியே இல்லாது, அடி பூசாத ஒரு குழியைக் கல்லிற் குடைந்து அதனை மலத்தொட்டி என்போர் முதற்பாதியையும் விட்டனர், பிற்பாதியையும் விட்டனர்.

கிருமிக்கு அஞ்சுவோர் நீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். நெருப்புக்காய்ச்சல் நெடுங்காலம் குடிகொண்ட நம் ஊரில் அது நல்வழக்கமே. ஆனாற் கொதிப்புக்கு அடங்காத ஒன்றும் உண்டு. மலசலத்தில் உள்ள நைதரசன் மண்ணிலும் கல்லிலும் மாற்றமடைந்து நைத்திரேற்று என்னும் உப்பாகி நீரிற் கரைகின்றது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்கவைத்தால் நீர் வற்றி அது செறிவாகுமேயன்றிக் குறையாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. மிஞ்சிய நீரிற் பால்மா கரைத்து ஊட்டப்பெறும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம். குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை மீறப்பட்டிருத்தலை 1980களிலேயே ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். 

வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் கமக்காரர் அளவின்றி இடும் உரமே இதற்குக் காரணம் என்று நகரத்தார் சொல்வர். தோட்ட நிலங்களைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மை. ஆயின் தோட்டமே இல்லாத நெருங்கிய குடியிருப்புகளில் என் செய்வது? யாம் கணித ஆசிரியரல்லேம். எனினும் ஒரு கணக்குப் போட்டு, விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரைக்கொண்டு சரிபார்ப்பித்தோம். ஓராள் நாளொன்றுக்கு வெளிவிடும் நைதரசன் 8 கிராம் எனக் கொண்டால், ஐவர் உள்ள குடும்பத்தில் ஆண்டுக்கு 14 கிலோவுக்கு மேலாகும். இதிற் பாதி வழியிலேயே ஒழிந்தது என்போம். 7 கிலோ எஞ்சும். இரண்டு பரப்பில் விழும் மழையில் மூன்றிலொரு பங்கு நிலத்தடி நீரை அடையுமாயின் அது ஏறத்தாழ 2 இலட்சத்து 10 ஆயிரம் லீற்றர். அந்நீரில் அந்நைதரசன் கலந்தால் லீற்றருக்கு 33 மில்லிகிராமுக்குக் குறையாது. மேற்சொன்ன எல்லையை நைதரசனாகக் கணித்தால் வருவது 11 மில்லிகிராம். இது பருவெட்டான கணக்கே. ஆயினும் மும்மடங்கு என்னும் விடை எம் உறக்கத்தைக் கெடுத்தது.

சுன்னாகத்து நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்ததென்று அறிந்தபோது ஊரே திரண்டெழுந்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று 2019 இல் தீர்ப்பும் பெற்றது. அது நன்றே. அவ்வெழுச்சியில் யாமும் பதாகை பிடித்து நின்றோம். அன்று எமது பின்வளவில் நடந்துகொண்டிருந்ததற்கு எவரும் பதாகை பிடிக்கவில்லை. எண்ணெய் பிறர் செய்தது, மணமும் நிறமும் உடையது, எதிர்ப்பதற்கு எளிது.

செய்யத்தக்கன யாவை என்பதை எமது வீட்டில் யாம் செய்தவாறே சொல்கின்றோம். பழைய குழியை அள்ளுவித்துப் பிளவை அடைத்து மண்ணால் நிரப்பினோம். காணியின் நடுப்பகுதிக்கு அணித்தாய், எம் கிணற்றுக்கும் அயலவர் கிணறுகளுக்கும் இயன்றவரை எட்டத்தில், ஈரறைத் தொட்டியொன்றைச் சீமெந்திற் கட்டுவித்து, வெயிலில் நீர் நிரப்பி மூன்று நாள் கசிவு பார்த்தோம். தொட்டியினின்று வெளிவரும் நீரை ஆழத்துக்கு விடாது, நிலமட்டத்துக்கு மேலே மண்ணும் மணலும் கொட்டி உயர்த்திய அகன்ற பாத்தியினுள், துளையிட்ட குழாயாற் பரப்பிவிட்டோம். பாத்தியில் வாழையும் கல்வாழையும் நட்டுள்ளோம். மண்ணின் மேற்பகுதியிலேதான் காற்றும் உயிர்களும் மிகுதி; கிருமி அங்கே மடியும்; நைதரசனில் ஒரு பகுதியை வேர் உண்ணும். இதிற் புதுமை ஒன்றுமில்லை. கிணற்றடியிற் குளித்த நீரை வாய்க்காலில் விட்டு வாழைக்கும் கமுகுக்கும் பாய்ச்சிய நம் முன்னோர் அறிந்ததே. அவர் துலாவால் அளந்து இறைத்தனர்; நாம் ஆளியை அழுத்தி மோட்டரால் இறைக்கின்றோம் என்பதே வேற்றுமை. குளியல் நீரையும் சமையலறை நீரையும் மலத்தொட்டிக்குள் விடாது வேறாகத் தோட்டத்துக்கு விட்டால், தொட்டியில் நீர் தங்கவேண்டிய நேரம் தங்கும்.

பேணுதலும் அரிதன்று. பொரித்த எண்ணெய், துணி, பொலித்தீன், குழந்தைகளின் அணையாடை, எஞ்சிய மருந்து முதலியன உள்ளே போகலாகா. கிருமிநாசினியை மணத்துக்காகக் குடங்குடமாய் ஊற்றுவோர் தமக்காக உழைக்கும் பற்றீரியங்களையே கொல்கின்றனர். நீண்ட தடியொன்றில் வெள்ளைத் துணியைச் சுற்றி மூடித்துவாரத்தால் அடிவரை இறக்கி எடுத்தால், சேறு எவ்வளவு உயரம் என்பதைக் கறையே காட்டும். தொட்டியின் மூன்றிலொரு பங்கை அது எட்டினால் அள்ளவேண்டும். சாதாரண குடும்பத்துக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொருமுறை இது நேரும். அள்ள வரும் பவுசர் அதனை எங்கே கொண்டு சென்று கொட்டுகின்றது எனக் கேட்டறிதலும் நம் பொறுப்பே. ஒழுங்கைக் கோடியிலுள்ள குளத்திற் கொட்டினால் நாம் செலவழித்து அள்ளியது வேறொரு கிணற்றுக்குத்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். எக்காரணம் பற்றியும் தொட்டிக்குள் எவரும் இறங்கலாகாது, எவரையும் இறக்கலாகாது. ஐதரசன் சல்பைட்டு என்னும் நச்சுவாயு ஓரிரு மூச்சில் ஆளை வீழ்த்தும். வீழ்ந்தவரைத் தூக்க இறங்கியவரும் வீழ்வர். மூடியைத் திறக்கும்போது அருகே நெருப்பு ஏற்றுதலும் கூடாது. நம் நகரத்தில் வாளி மலசலகூடங்கள் இருந்த காலத்தில் அவற்றைச் சுமந்தவர்களையும், பின்னர்க் குழிகளை அள்ளியவர்களையும் நாம் எவ்வாறு நடத்தினோம் என்பதை எண்ணும்போது எழுதுகோல் தயங்குகின்றது. அவர் போன்றார் கைபட்டால் நீர் தீட்டுப்படும் என்று சொல்லிக் கிணற்றுக் கட்டையும் மிதிக்கவிடாத ஊர் இது. அவ்விலக்கு நடந்த காலமெல்லாம் நமது குழி நமது கிணற்றைத் தொட்டுக்கொண்டேயிருந்தது.

2024 ஆம் ஆண்டு தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் ஆற்றலோடு திறக்கப்பட்டது. குழாய் நீர் வருமாயின் கிணற்றைப் பற்றிய கவலை எதற்கு என்பாரும் உளர். குழாயால் வீட்டுக்குள் வரும் நீர் அனைத்தும் வீட்டினின்றும் வெளியேறவேண்டும் அன்றோ? வரவு பெருகச் செலவும் பெருகும். தொட்டியிலும் குழியிலும் சுமை கூடும். குழாய் நீர் பெற்றபின் கிணற்றைப் பாராதுவிட்டு, அதனுள்ளேயே கழிவுநீரைத் திருப்பிவிட்ட வீடொன்றையும் யாம் கண்டோம்.

பழைய மாணவர்க்கு ஒரு சொல். கடல் கடந்து வாழும் அன்பர்கள் கல்லூரிக்கு மண்டபமும் வகுப்பறையும் கட்டித்தந்துள்ளனர். பெயர்க்கற்கள் சுவர்களில் விளங்குகின்றன. இம்மலரிலும் அவற்றின் படங்கள் உண்டு. மலத்தொட்டிக்குப் பெயர்க்கல் பதிக்க முன்வந்த அன்பரை இதுகாறும் யாம் கண்டிலேம். சென்ற தவணையில் உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலர், விஞ்ஞான ஆசிரியரோடு, விடுதிப் பக்கத்துத் தொட்டியின் சேற்றைத் தடியால் அளந்தனர். பாதிக்கு மேல் இருந்தது. தொட்டி எந்த ஆண்டு கட்டப்பட்டது, எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதைச் சொல்ல ஒருவரும் இலர். பழைய வரைபடமும் அகப்படவில்லை. மாணாக்கர் தாமே நாடா பிடித்துக் கல்லூரி வளவிலுள்ள கிணறுகளையும் குழிகளையும், மதிலுக்கு அப்பாலுள்ள வீட்டுக் கிணறுகளையும் ஒரு தாளிற் குறித்துள்ளனர். அத்தாள் இப்போது ஆசிரியர் கூடத்துச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றது. விடுதியில் வாழ்ந்த பழைய மாணவர் எவருக்கேனும் தொட்டி கட்டிய காலம் நினைவிலிருப்பின் எமக்கு எழுதுவாராக.

வடக்கு வளவுக்காரரும் வரும் கோடையில் தம் குழியை மாற்றுவதாகச் சொல்லியுள்ளார். எமது பாத்தி வாழை இரண்டு குலை ஈன்றது. முதற்குலையை ஆச்சி வீட்டுக்கே கொடுத்தோம். அவர் கிணற்று நீரை இம்மாரி கழிந்ததும் மறுபடியும் சோதனைக்குக் கொடுத்திருக்கின்றோம். முடிவு இன்னும் கைக்கு வரவில்லை.